லோன்: கடனா, இரவலா?

கால்பந்துச் செய்திகளைத் தமிழில் படிப்பவர்கள் "கடன் அடிப்படையில் அணி மாறினார்" என்ற தொடரைப் பலமுறை பார்த்திருப்பார்கள். ஒரு கிளப் தன் ஆட்டக்காரரைக் குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொரு கிளப்பில் ஆட அனுப்பித் திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் லோன் என்று பெயர். லோன் என்றால் கடன்தானே என்று அகராதியைப் பார்த்து எழுதிய தொடர் அது. வங்கிக்குப் பொருந்தும். ஆட்டக்காரருக்குப் பொருந்தாது.

ஒரே ஒரு நடுக்கள வீரரின் பாதையைப் பார்த்தாலே இது விளங்கும். மார்ட்டின் ஓடகார்ட் 1998இல் நார்வேயின் டிராமன் நகரில் பிறந்தவர். 15 வயதிலேயே நார்வே தேசிய அணிக்கு ஆடியவர். 2015 ஜனவரியில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த மே மாதம் கெட்டாஃபேவுக்கு எதிரான ஆட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு மாற்றாகக் களமிறங்கியபோது, அந்தக் கிளப்புக்கு ஆடியவர்களிலேயே மிக இளையவர் ஆனார். அதன்பிறகு மாட்ரிட்டில் இடமில்லை. 2017 தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஹீரன்வீன், 2018இல் அதே நாட்டின் விட்டெஸ்ஸே, 2019இல் ஸ்பெயினின் ரியல் சோசியடாட், 2021 ஜனவரியில் லண்டனின் ஆர்சனல் என்று நான்கு ஊர்களுக்குப் போனார். நான்கு முறையும் லோன்தான். ஒப்பந்தம் மாட்ரிட்டிடமே இருந்தது.

கடன் வாங்கியவர் அதே ரூபாய் நோட்டைத் திருப்பித் தருவதில்லை. வாங்கியதைச் செலவழித்துவிட்டு, அதன் மதிப்புக்கு வேறு பணம் தருகிறார். பக்கத்து வீட்டில் நாழி அரிசி வாங்கிச் சமைத்துவிட்டு, வேறு நாழி அரிசியைத் திருப்பி அளப்பதும் அப்படித்தான். அளவு குறித்து வாங்கி, அதே அளவு எதிர்கொடுக்கும் இந்த வழக்கத்துக்குக் குறியெதிர்ப்பை என்று பெயர். ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் அந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். ஆனால் ஹீரன்வீன் ஓடகார்டை வைத்துக்கொண்டு, அவர் தரத்தில் இன்னொருவரை மாட்ரிட்டுக்கு அனுப்ப முடியுமா? போனவரேதான் திரும்ப வேண்டும். வாங்கிய பொருளையே திருப்பித் தருவதற்குத் தமிழில் பெயர் இரவல். இரவல் நகை, இரவல் புத்தகம், இரவல் குடை என்று இன்றும் வீடுகளில் வழங்கும் சொல்தான்.

இந்த வேறுபாட்டை ஜெர்மானியர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சட்டத்தில் பணக்கடன் 'டார்லேஹன்'. பொருளைப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருவது 'லைஹே'. கால்பந்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது லைஹேவைத்தான். ஸ்பானியரோ 'செசியோன்', அதாவது விட்டுக்கொடுத்தல், என்கிறார்கள். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். அந்த லோனும் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'லான்' என்பதிலிருந்து வந்தது. ஓடகார்டின் தாய்மொழியில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. லைஹேவும் லோனும் ஒரே வேரில் கிளைத்தவை. வேரின் பொருள் 'விடுதல்'.

இரவல் என்பதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. இரவல் வாங்கிய புத்தகத்தை மூன்றாமவருக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்தவருக்குக் கோபம் வரும். 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிகள் இதையே சொல்கின்றன: இரவலில் வந்தவரை இன்னொரு கிளப்புக்கு இரவல் தரக்கூடாது. ஓர் இரவல் ஓராண்டுக்கு மேல் நீளவும் கூடாது. வாங்கிய கடனையோ நாம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கேட்பாரில்லை.

இர என்பது பிச்சைக்கும் வேர் ஆயிற்றே, இரவச்சம் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் நூலகத்தில் 'இரவல் பிரிவு' என்ற பலகையைப் பார்த்து யாரும் கூசுவதில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று: மனிதரைப் பொருளாக்கிப் பேசுவது. ஆட்டக்காரர் சம்மதிக்காமல் இந்த மாற்றம் நடக்காது. அதனால் 'இரவல் வீரர்' என்பதை நான் தவிர்ப்பேன். இரவல் என்ற அடையை ஒப்பந்தத்துக்குச் சூட்டுவோம்: இரவல் ஒப்பந்தம், இரவலில் ஆடுபவர். அனுப்பும் கிளப் தாய்க் கிளப்.

தாய்க் கிளப்பை எதிர்த்து ஆடலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் கூடாது. ஸ்பெயினில் 2020 பிப்ரவரி 6 அன்று, கோபா தெல் ரேய் என்ற அந்நாட்டுக் கோப்பைப் போட்டியின் காலிறுதியில், மாட்ரிட்டின் சொந்த மைதானத்திலேயே சோசியடாடுக்காக முதல் கோலை அடித்தவர் ஓடகார்ட். அடித்துவிட்டு அவர் கொண்டாடவில்லை. சோசியடாட் 4-3 என வென்றது, மாட்ரிட் வெளியேறியது.

வாங்கும் உரிமை சேர்ந்த ஒப்பந்தங்களும் இருக்கின்றன. விரும்பினால் வாங்கலாம் என்பதை 'வாங்கும் உரிமையோடு இரவல்' என்றும், வாங்கியே ஆக வேண்டும் என்பதை 'வாங்கும் கட்டாயத்தோடு இரவல்' என்றும் எழுதினால் குழப்பம் வராது. ஓடகார்டின் கடைசி இரண்டு நகர்வுகளை இப்படி எழுதலாம்: 2021 ஜனவரியில் பருவம் முடியும்வரை இரவலில் ஆர்சனலுக்குச் சென்றார், ஆகஸ்டில் ஆர்சனல் அவரை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு அங்கேயே அணித்தலைவர் ஆனார்.