பழைய வைஃபை அடாப்டரைப் புதிய கணினி அடையாளம் காண்பது எப்படி?

பல ஆண்டுகளாக மேசை இழுப்பறையில் கிடந்த யூஎஸ்பி வைஃபை அடாப்டரைப் புதிய கணினியில் செருகும்போது அதன் சிறு விளக்குகூட எரியாவிட்டால், அது பழுதாகிவிட்டது என்றே பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் பல அடாப்டர்களில் அந்த விளக்கை எரியவைப்பதே டிரைவர் என்னும் மென்பொருள்தான். டிரைவர் அமையாதவரை நல்ல அடாப்டரும் இருண்டே கிடக்கும்.

செருகியவுடன் கணினி அடாப்டருக்கு 5 வோல்ட் மின்சாரம் அளித்து, அது யாரென்று விசாரிக்கிறது. அடாப்டர் தரும் பதிலில் தலா 16 பிட் நீளமுள்ள இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று தயாரிப்பாளரையும், மற்றது பொருளையும் குறிக்கும். இந்த இணைக்குப் பொருந்தும் டிரைவரைத்தான் இயங்குதளம் தன் பட்டியலில் தேடுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட மாடல் பெயரை நம்பி டிரைவரைத் தேடுவது வீண் அலைச்சலாகவே முடியலாம். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்கு நல்ல சான்று: அதன் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, இரண்டாம் பதிப்பிலோ, பெயர் மாறாமலேயே, ரியல்டெக் சிப் இடம்பிடித்தது. ஒன்றின் டிரைவர் மற்றதற்கு உதவாது. எனவே விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலோ, லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையிலோ அந்த இரு எண்களைப் பார்த்துவிட்டுத் தேடுவதே முறை.

டிரைவர் கிடைத்தாலும் வேலை முடிந்ததாகாது. ஏஆர்9271 சிப், தான் இயங்குவதற்கான ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருளை நிரந்தரமாகத் தன்னுள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் டிரைவர்தான் கணினியிலிருந்து அதை எடுத்துச் சிப்பின் நினைவகத்தில் ஏற்றுகிறது. லினக்ஸில் டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமற்போனால், அடாப்டர் பட்டியலில் தென்படும், ஆனால் ஒரு வைஃபை பெயரையும் காட்டாது.

விண்டோஸில் சிக்கல் வேறு வகை. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய 32 பிட் செயலிகள் (ஆப்கள்) அதில் ஓடினாலும், டிரைவர் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவோடு (கெர்னல்) இணைந்து இயங்குவதால், அடாப்டரோடு வந்த குறுந்தகட்டின் 32 பிட் டிரைவர் அங்கே செல்லாது. 64 பிட் டிரைவராக இருந்தாலும், அதில் முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லையென்றால் விண்டோஸ் அதை ஏற்க மறுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து, வைஃபை பெயர் தெரிந்தும் இணைப்பு கிடைக்காவிட்டால், ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பார்க்க வேண்டும். 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை, இணைப்பைப் பராமரிக்கக் கருவிகள் பரிமாறும் நிர்வாகச் செய்திகளுக்கும் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது. பழைய டிரைவர்கள் பலவற்றுக்கு அது தெரியாது. ரவுட்டரை டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் இணைப்பு கிடைத்துவிடும். பெயரே தெரியவில்லையென்றால், அந்த வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதாக இருக்கலாம். ஏஆர்9271 போன்ற சிப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும்.

அந்த 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஓர் இடைஞ்சல் உண்டு. யூஎஸ்பி 3 இணைப்புகளில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் இதே அலைவரிசையில் பரவுவதை இன்டெல் 2012-இல் விளக்கியது. ஆகவே பக்கத்துப் போர்ட்டில் வன்தட்டு செருகியிருக்கும்போது மட்டும் வேகம் படுத்துவிட்டால், அடாப்டரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மாட்டிச் சற்றுத் தள்ளி வைத்தாலே போதும்.