பிரவுசர் திறக்கிறது, அப்டேட் ஏன் இறங்கவில்லை?

போன வாரம் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். "சார், அப்டேட் ரெண்டு நாளா பூஜ்ஜியத்துலயே நிக்குது. ஐடில சொன்னா லேட் ஆகும்னு நானே போன் ஹாட்ஸ்பாட் போட்டு வேற ஒரு சைட்லேர்ந்து இறக்கிட்டேன். அதுலேர்ந்து பிரவுசரைத் திறந்தாலே விளம்பரமா கொட்டுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போனதும் அப்டேட் வரலாற்றைத்தான் முதலில் திறந்தேன். 'ரெண்டு நாள்' என்பது அவர் கவனித்த கணக்கு. அந்த மெஷினில் கடைசியாக ஒரு பாதுகாப்பு அப்டேட் முழுதாக ஏறி பத்து மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வரிசையாகத் 'தோல்வி', 'தோல்வி', 'தோல்வி'. அவர் அப்டேட் என்று நம்பி இறக்கியது வேறு எதுவோ. அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று நிரல்கள் உள்ளே குடியேறியிருந்தன. சம்பளப் பட்டியல் இருக்கும் மெஷின் அது.

இந்த வருஷத்தில் எனக்கு இது ஐந்தாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அடுத்து அவர் சொன்னதை மேலாளர் முதல் பயிற்சிக்கு வந்தவர் வரை எல்லோருமே சொல்கிறார்கள்: "நெட்டு நல்லாத்தானே சார் இருக்கு? பிரவுசர்ல எல்லாம் வருதே!"

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த ஒரு எண்ணம்தான். பிரவுசரில் பக்கம் திறந்தால் இணையம் இருக்கிறது, இணையம் இருந்தால் அப்டேட் இறங்கியாக வேண்டும், இறங்காவிட்டால் கோளாறு அப்டேட்டில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறுமையாகக் கேளுங்கள். அலுவலகத்தில் ப்ராக்ஸி, அதாவது இணையத்துக்குப் போகும் கோரிக்கைகளை நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர், இருந்தால் உங்கள் பிரவுசர் வெளியே நேராகப் போவதில்லை. ப்ராக்ஸியிடம் போய், 'இன்னாருக்காக வந்திருக்கிறேன்' என்று உங்கள் லாகின் பெயரைக் காட்டி, அனுமதி வாங்கிக்கொண்டு போகிறது. காலையில் நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்ததுதான் அதற்குச் சீட்டு. ஆனால் அப்டேட்டை இறக்குவது நீங்கள் இல்லை. பின்னணியில் ஓடும் ஒரு சேவை. விண்டோஸில் அது உங்கள் பெயரில் ஓடாது, கணினியின் சொந்தக் கணக்கில் ஓடும். நீங்கள் லாகின் செய்யாத நேரத்திலும் ஓடும். அதற்கு உங்கள் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. பல இடங்களில் ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கணினி ஒன்று, கேபிள் ஒன்று, ஆள் மட்டும் இரண்டு. ஒருவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, இன்னொருவரிடம் இல்லை. அட்டை உள்ளவர் போய்வருவதைக் காட்டி 'வாசல் திறந்துதானே இருக்கிறது' என்றால், அட்டை இல்லாதவருக்கு அதனால் என்ன லாபம்?

அவர் மெஷினிலேயே இதைக் காட்டினேன். கட்டளைத் திரையைத் திறந்து 'நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி' என்று அடித்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: நேரடி அணுகல், ப்ராக்ஸி சர்வர் இல்லை. பக்கத்து ஜன்னலில் பிரவுசர் அமைப்பைத் திறந்தால் அங்கே ப்ராக்ஸி முகவரி, போர்ட் எண் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இரண்டும் தனித்தனிக் குறிப்பேடுகள். ஒன்றில் எழுதியது மற்றதில் தானாக ஏறாது. அப்டேட் சேவை ப்ராக்ஸியைத் தேடாமல் நேராக வெளியே போகப் பார்க்கிறது. போவதையும் வருவதையும் வடிகட்டும் ஃபயர்வால் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் அதை விழுங்கிவிடுகிறது. திரையில் பூஜ்ஜியம் அசையாமல் நிற்கிறது.

முன்பு அலுவலக அப்டேட் சர்வரைப் பயன்படுத்தும் கணினிகளில், கணினி அளவில் ப்ராக்ஸி இல்லையென்றால் பயனரின் ப்ராக்ஸியை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பாதுகாப்புக் கருதி 2020 செப்டம்பர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. 'அதுவரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சே' என்று அப்போது பலர் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸ்காரர்களுக்கும் இதே கதைதான்: உங்கள் டெர்மினலில் ப்ராக்ஸி முகவரியைச் சொல்லும் மாறியை வைத்திருப்பீர்கள், நிர்வாகி உரிமை தரும் 'சுடோ' போட்டு அப்டேட்டை ஓட்டியதும் அந்த மாறி வழியிலேயே கழன்றுவிடும்.

சரி, கணினி அளவில் ப்ராக்ஸியை எழுதிவிட்டோம், தீர்ந்ததா? கணக்குப் பிரிவு மெஷினில் தீரவில்லை. அடுத்து 407 வந்தது. 'நீ யார், பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டு' என்று ப்ராக்ஸி கேட்கும் எண் அது. உங்கள் பிரவுசருக்கும் முதல் தட்டலில் இதே 407தான் வருகிறது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் சீட்டை நீட்டிவிடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை. பின்னணிச் சேவைக்குக் கேள்விப் பெட்டியைக் காட்டத் திரை கிடையாது, காட்டினாலும் பதில் சொல்ல ஆள் கிடையாது. திரும்பிவிடும். இதற்காக யாரும் தன் சொந்தக் கடவுச்சொல்லை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அப்டேட் முகவரிகளுக்கு மட்டும் அடையாளம் கேட்காமல் விடும்படி ப்ராக்ஸியில் ஒரு விதி எழுதினால் போதும்.

கோளாறு எங்கே என்பதை அப்டேட் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே பாதி சொல்லிவிடும். 'தேடுகிறது' என்ற இடத்திலேயே விழுந்தால் வெளியே போகும் வழியே இல்லை. பட்டியல் வந்துவிட்டது, இறக்கம் மட்டும் பூஜ்ஜியத்தில் நிற்கிறது என்றால், பட்டியல் தரும் சர்வருக்கு அனுமதி இருக்கிறது, கோப்பு தரும் சர்வருக்கு இல்லை. இரண்டும் வேறுவேறு முகவரிகள். பட்டியலைப் பார்த்துவிட்டு 'எல்லாம் திறந்துதான் இருக்கு' என்று டிக்கெட்டை மூடும் அட்மின்கள் உண்டு. பாதிவரை ஏறி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்தால், பெரும்பாலும் ப்ராக்ஸியின் வைரஸ் சோதனை. முழுக் கோப்பையும் தன்னிடம் வாங்கிவைத்துச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவேன் என்று அது பிடித்துவைத்திருக்கும். இந்தப் பக்கம் காத்திருந்த சேவை பொறுமையிழந்து இணைப்பை அறுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். இரவு முழுக்க இதே ஓட்டம், காலையில் 'நெட் ஸ்லோ' என்று புகார்.

இறங்கி முடிந்த பிறகு 'கோப்பு பழுது' என்று வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சென்ற மாதம் ஒருவர் பிரின்டர் மென்பொருள் அப்டேட் ஓடவில்லை என்று ஏழெட்டு முறை இறக்கிவைத்திருந்தார். நூற்றுக்கணக்கான எம்பி இருக்க வேண்டிய கோப்பு, எல்லாப் பிரதியும் நாலு கேபி. அதை நோட்பேடில் இழுத்துப் போட்டேன். உள்ளே இருந்தது எங்கள் ஃபயர்வாலின் 'இந்தப் பக்கத்துக்கு அனுமதி இல்லை' என்ற அறிவிப்புப் பக்கம்! கோப்புக்குப் பதிலாக அந்தப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. அதுவும் கோப்பின் பெயரிலேயே உட்கார்ந்துவிட்டது. ஓடாத கோப்பை மறுபடி இறக்குவதற்கு முன் அளவைப் பாருங்கள். அப்படியே கணினியின் தேதியையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போயிருந்தால் சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சர்டிபிகேட் எதுவும் செல்லாது, பழி ஃபயர்வால் மேல் விழும்.

இனி என் தொழில்காரர்களுக்கு.

ஐபி முகவரியைக் குறித்துவைத்து அனுமதி கொடுப்பதைத் தயவுசெய்து விடுங்கள். அப்டேட் கோப்புகள் உலகெங்கும் பரவிய விநியோக சர்வர்களிலிருந்து வருகின்றன. இன்று கண்ட முகவரி நாளை இருக்காது. தயாரிப்பாளரே வெளியிடும் டொமைன் (தளப் பெயர்) பட்டியலை எடுத்து, அதன்படி எழுதுங்கள். ஆப்பிள் மட்டும் 17 என்று தொடங்கும் முழு முகவரித் தொகுதியையும் சொந்தமாக வைத்திருக்கிறது, அது விதிவிலக்கு. குறியாக்கம் இல்லாமல் போய்வரும் வழியான போர்ட் 80 பாதுகாப்பில்லாதது என்று மொத்தமாக மூடாதீர்கள். விண்டோஸ் அப்டேட் கோப்புகளில் பலவும், டெபியன் வகை லினக்ஸின் தொகுப்புகளும் அந்த வழியாக இன்றும் வருகின்றன. டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அவை நிறுவப்படும். வழியில் ஒரு பைட் மாறினாலும் நிராகரிக்கப்படும். குறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனையிலிருந்து அப்டேட் டொமைன்களுக்கு விலக்குக் கொடுங்கள். உங்கள் ஃபயர்வாலின் சர்டிபிகேட்டைப் பிரவுசர் ஏற்கும், அப்டேட் சேவை தன் தயாரிப்பாளரின் சர்டிபிகேட்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. இடையில் ஒருவர் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பதைத் தடுக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும் வசதியையும் ப்ராக்ஸியில் வெட்டிவிடாதீர்கள்; விண்டோஸின் பின்னணி இறக்கம் அதை நம்பித்தான் இருக்கிறது. துண்டு கேட்டால் 'இதோ அந்தத் துண்டு' என்ற 206 வர வேண்டும். முழுக் கோப்பையும் 200 என்று திருப்பித் தந்தால் இறக்கம் நின்றுவிடும்.

'ஃபயர்வால் இருக்கே, அப்டேட் கொஞ்சம் தாமதமானா என்ன' என்று கேட்கும் நிர்வாகிகளுக்கு 2017-ஐ நினைவூட்டுகிறேன். விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவத் தொடங்கியது மே 12. நடுவில் ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம். திருத்தம் ஏறாத கணினி ஒன்று உள்ளே மாட்டினால் போதும், அங்கிருந்து பக்கத்து மெஷினுக்கு அது தானாகவே தாவியது. வெளிவாசலில் நிற்கும் ஃபயர்வாலுக்கு அந்தத் தாவல் கண்ணிலேயே படாது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்களை ரத்து செய்ய வேண்டி வந்தது. கணக்குப் பிரிவு மெஷினின் அவகாசம் பத்து மாதம்.

அலுவலகக் கணினியில் ஹாட்ஸ்பாட் போடாதீர்கள். கேபிள் ஒரு பக்கமும் உங்கள் போன் ஒரு பக்கமுமாக இருக்கும் அந்த நேரத்தில், எந்தக் காவலும் இல்லாத ஒரு பின்வாசலை எல்லோருக்குமாகச் சேர்த்துத் திறந்துவைக்கிறீர்கள். 'இலவச டவுன்லோட்' தளங்களில் அப்டேட் தேடாதீர்கள். தேடலில் முதலில் வருவது தயாரிப்பாளரின் தளம் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. ஃபயர்வாலை 'அஞ்சே நிமிஷம்' அணைத்துவைக்கச் சொல்லி ஐடி ஆளை நெருக்காதீர்கள்.

ஒரு அப்டேட் இரண்டாம் முறையும் தோற்றால் எங்களிடம் சொல்லுங்கள். 'நெட் வரலை' என்று எழுதாதீர்கள். திரையில் வந்த பிழை எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள், மணியைக் குறியுங்கள். பத்து மணி பன்னிரண்டு நிமிஷம் என்று ஒரு நேரம் கையில் இருந்தால் ஃபயர்வால் எழுதிவைக்கும் பதிவேடான லாகில் அந்த வரியைப் பிடித்துவிடலாம். நேரம் இல்லாமல் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். தாமதமாகும் என்று தயங்காதீர்கள். கணக்குப் பிரிவு மெஷினைத் துடைத்து, புதிதாக நிறுவி, கோப்புகளை மீட்டுக் கொடுக்க ஒன்றரை நாள் ஆனது. அப்டேட் இறங்குவதற்காக நாங்கள் மாற்றியது கணினியில் ஒரு வரி, ப்ராக்ஸியில் ஒரு விதி.

அன்று மாலை ஃபயர்வால் லாகைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். அந்த மெஷினின் முகவரி, போக வேண்டிய முகவரி, 'மறுக்கப்பட்டது'. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, லாக் இருந்த கடைசி நாள் வரைக்கும் இதே வரி. அவர் சொல்லவில்லை என்பது உண்மை. நாங்களும் பார்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. இப்போது அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, அப்டேட் டொமைன்களுக்குப் போக முயன்று மறுக்கப்பட்ட கணினிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு நாங்களே இருக்கை இருக்கையாகப் போகிறோம். முதல் பட்டியலில் பதினாலு மெஷின் இருந்தன.