ஆட்டுப்பட்டிக்குக் கூரை போடுங்கள்

போன் வந்தபோது காலை ஆறே முக்கால். கலிஃபோர்னியாவில் சான்டா குரூஸ் மலைச்சரிவில் தனியாக இருக்கும், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. "டாக்டர், அஞ்சும் போச்சு" என்றார். கால்நடை டாக்டரான நான் போய்ச் சேர்ந்தபோது பட்டிக்குள் நான்கு வெள்ளாடுகள் செத்துக் கிடந்தன. எதிலும் சதை குறையவில்லை. பிடரியில் மட்டும் பல் பதிந்த ஓட்டைகள். ஐந்தாவதைத் தேடி, இழுத்த தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஓக் மரத்தடியில் ஒரு இலைக்குவியல்; அதிலிருந்து ஒரு குளம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இப்படி மூடிவைத்துவிட்டு, இருட்டியதும் திரும்பி வந்து தின்பது பூமாவின் வழக்கம். இங்கே எல்லோரும் மவுண்டன் லயன் என்பார்கள். பெயரில்தான் சிங்கம். கர்ஜிக்க வராது, வீட்டுப் பூனை போல உறுமிக் குறுகுறுக்கும். ஆனால் ஆண் பூமா அறுபது கிலோ வரும்.

"பசிக்கு ஒன்று போதாதா? மீதி நாலை எதற்குக் கொன்றது?" என்று அந்த அம்மா கேட்டார். ஆட்டைப் பறிகொடுத்த எல்லோரும் கேட்பதுதான். காட்டில் ஒரு மானை அடித்தால் மற்றவை சிதறி ஓடிவிடும். வேட்டை அத்தோடு முடிந்தது. பட்டியில் ஆடு எங்கே ஓடும்? கண்ணெதிரே கத்திக்கொண்டு சுற்றிச்சுற்றி வருகிறது. ஓடுவதைப் பிடிப்பது பூனைச் சாதியின் ரத்தத்தில் ஊறியது. பட்டியில் கடைசி ஆடும் விழுகிறவரை அந்த வேகம் அடங்காது. அவர் போட்டிருந்த ஆறடிக் கம்பிவேலி பூமாவுக்கு வாசற்படி மாதிரி. உள்ளே வர அதற்கு வழி இருந்தது, வெளியே ஓட ஆட்டுக்கு வழி இல்லை.

1990-இல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டே பூமாவைப் பொழுதுபோக்குக்கு வேட்டையாடத் தடை கொண்டுவந்தார்கள். ஆனால் கால்நடையைக் கொன்ற பூமாவைச் சுட அனுமதி கேட்க அதே சட்டத்தில் இடம் உண்டு. அந்த அம்மாவுக்குச் சுடுவதில் விருப்பமில்லை. சுட்டாலும், அந்த இடம் காலியாகவே கிடக்காது. இடம் தேடி அலையும் இளம் ஆண் ஒன்று வந்து சேரும். கூரையில்லாத பட்டி அதற்கும் அங்கேயே காத்திருக்கும்.

உண்மையில் நம்மைப் பார்த்து அது பயப்படுவதுதான் அதிகம். இதே மலையில் ஆராய்ச்சியாளர்கள் பூமா அடித்துப்போட்ட மான்களின் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. மனிதர்கள் பேசும் சத்தம் கேட்டபோது, நூற்றுக்கு எண்பத்து மூன்று தடவை, தின்றுகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடியது. தவளைச் சத்தத்துக்கு ஓடியது ஒரே ஒரு தடவை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்துப் பெண் பூமாக்கள் நிம்மதியாக உட்கார்ந்து தின்ன முடியாமல் பாதியில் விட்டுப் போகின்றன. அந்தக் குறையை ஈடுகட்ட 36 சதவீதம் கூடுதலாக மான் அடிக்கின்றன. நாம் துப்பாக்கியே தூக்க வேண்டாம், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும்.

பிறகு அதே மலையில் காடு முழுக்க மனிதக் குரலை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பூமா ஒதுங்கியது, சின்ன வேட்டை விலங்குகளும் அடங்கின. எலிகளுக்கு மட்டும் கொண்டாட்டம்!

எலி என்றதும் என் கிளினிக்குக்கு வருகிறேன். ஈறில் ரத்தம் கசிய, சோர்ந்துபோய் ஒரு லாப்ரடார் வந்தது. கராஜில் எலிமருந்து வைத்திருந்தீர்களா என்று கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. ரத்தம் உறையவிடாத மருந்து அது. நாய்க்கு வைட்டமின் கே மாத்திரையை நான்கு வாரம் கொடுத்தோம், பிழைத்தது. மருந்து தின்ற எலியை கயோட்டி என்ற, நரி மாதிரியான காட்டு விலங்கு தின்று, அந்தக் கயோட்டியைப் பூமா தின்றால், மாத்திரை கொடுக்க யார் இருக்கிறார்கள்? லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலிவுட் பலகைக்குக் கீழே நின்று உலகப் புகழ் பெற்ற பி-22 என்ற ஆண் பூமா, 2014-இல் முகமெல்லாம் சொறி பிடித்து அலைந்தது. ரத்தத்தில் எலிமருந்து இருந்தது. 2012 முதல், சுற்றிலும் நெடுஞ்சாலை சூழ்ந்த கிரிஃபித் பூங்காவில் ஜோடியே இல்லாமல் வாழ்ந்தது. கடைசி நாட்களில் வளர்ப்பு நாய்களைத் தாக்க ஆரம்பித்தது. பிடித்துப் பார்த்தால் வண்டி மோதிய காயம், சிறுநீரகக் கோளாறு. 2022 டிசம்பரில் கருணைக்கொலை செய்தார்கள். அது வாழ்ந்த நகரத்துக்கு மேற்கே, 101-ஆம் நெடுஞ்சாலைக்கு மேல் விலங்குகள் கடக்க ஒரு பாலம் கட்டும் வேலை அதே வருடம் ஏப்ரலில்தான் தொடங்கியிருந்தது.

இரண்டாம் தலைமுறை எலிமருந்துகள் எனப்படும், வீரியம் கூடிய ரத்தம் உறையவிடாத மருந்துகளின் பெரும்பாலான உபயோகத்தை 2021 முதல் மாநிலம் தடை செய்திருக்கிறது. ஆனால் பழைய டப்பாக்கள் பல கராஜ்களில் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மானுக்கு ஆப்பிள் வைக்கும் நல்ல மனசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அது இங்கே சட்டப்படி குற்றம். மான் வந்தால் பின்னாலேயே பூமாவும் வரும்.

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாக்கள் விடியற்காலை வாக்கிங் போவதைப் பற்றி வாட்ஸாப்பில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். பூமா மனிதரைத் தாக்குவது மிக அபூர்வம். கலிஃபோர்னியாவில் 2004-க்குப் பிறகு 2024-இல்தான் ஓர் உயிர் போனது. அதற்காக அசட்டையாக இருக்கவும் கூடாது. நன்றாக விடிந்த பிறகு கிளம்பச் சொல்லுங்கள். பூமா எதிரே நின்றால் ஓடக்கூடாது. ஆடு செய்த தப்பு அதுதான். முதுகு காட்டாமல், குனியாமல், கையை உயர்த்திப் பெரிய ஆளாகத் தெரியும்படி நின்று சத்தம் போட வேண்டும். பேரப்பிள்ளை கூட இருந்தால் உடனே தூக்கிக்கொள்ள வேண்டும். பாய்ந்துவிட்டால் கையில் கிடைத்ததை வைத்துத் திருப்பி அடிக்க வேண்டும். சத்தம் எந்த மொழியில் என்று கேட்காதீர்கள். என் அம்மாவின் குரலுக்குப் பூமா என்ன, கரடியே திரும்பிப் போகும்.

அந்த அம்மா பட்டிக்கு நான்கு பக்கமும் தடித்த கம்பிவலை அடித்து, மேலேயும் வலை போட்டார். புதிதாக வாங்கிய ஆடுகளை இரவில் உள்ளே அடைக்காமல் படுப்பதில்லை. மறு ஜனவரியில் கேமராவில் பதிந்த வீடியோவை எனக்கு அனுப்பினார். இரவு இரண்டு மணி. பூமா வலைக்கூரையின் மேல் ஏறி, பாதத்தால் ஒரு தடவை தட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அப்புறம் இறங்கிப் போய்விட்டது. அடுத்த நாள் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்ததாம், ஆடுகள் கத்தியதில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்று.