டெல்டா, மான்சூன், அட்டோல், சுனாமி: பாடநூல் சொற்கள் பிறந்த இடங்கள்

எகிப்தின் வரைபடத்தை எடுத்து நைல் நதி கடலில் சேரும் இடத்தைப் பாருங்கள். கெய்ரோ வரை ஒற்றைக் கோடாக வரும் ஆறு, அதற்கு வடக்கே ராசெட்டா, டமியெட்டா என்று இரண்டாகப் பிரிகிறது. நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு முக்கோணம். கிரேக்க எழுத்துகளில் நான்காவதான டெல்டாவின் பெரிய எழுத்தும் ஒரு முக்கோணம்தான். அந்த உருவத்தை வைத்துத்தான் இந்த நிலத்துக்குப் பெயர் வந்தது என்று பாடநூல் சொல்கிறது.

ஆனால் எழுத்தில் கூர் மேலே இருக்கிறது, அடிக்கோடு கீழே. வரைபடத்தில் நைலின் முக்கோணம் தலைகீழாக நிற்கிறது. கூர்முனை கீழே கெய்ரோவில், அகன்ற பக்கம் மேலே கடற்கரையில். கவனமாகப் படிக்கும் மாணவர் இங்கே நிச்சயம் குழம்புவார். குழம்பத்தான் வேண்டும்.

வடக்கை மேலே வைத்து வரைவது இன்றைய வழக்கம். கிரேக்க மாலுமி மத்தியதரைக் கடலைத் தாண்டி, தெற்கே பார்த்தபடி எகிப்துக்கு வந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருப்பது கடற்கரை, அதாவது முக்கோணத்தின் அடிக்கோடு. ஆறு பிரியும் கூர்முனை தூரத்தில் இருக்கிறது. வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள், எழுத்து நேராகிவிடும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்த நிலத்தை டெல்டா என்றுதான் குறிக்கிறார். அந்த எழுத்து கிரேக்கருக்கு, இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பழங்காலக் கடல்வணிகர்களான ஃபினீசியரிடமிருந்து வந்தது. அங்கே அதன் பெயர் தாலெத், பொருள் கதவு.

முதலில் இது ஒரே ஒரு நிலத்தின் பெயர். பிறகு ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி உருவாக்கிய எல்லா நிலத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. முக்கோணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா பறவையின் கால்விரல்களைப் போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே பெரியதான கங்கை-பிரம்மபுத்திரா டெல்டா, நூற்றுக்கணக்கான ஓடைகளும் சதுப்புக் காடுகளும் பின்னிய வலையாகக் கிடக்கிறது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். கழிமுகம் என்று சிலர் எழுதுகிறார்கள், வடிநிலம் என்று சிலர். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. வடிநிலம் என்றால் ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்து வரும் மொத்த நிலப்பரப்பு. காவிரியின் வடிநிலம் குடகு மலையிலேயே தொடங்கிவிடுகிறது. டெல்டாவோ திருச்சிக்குப் பக்கத்தில், முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும் இடத்தில் ஆரம்பித்து, கல்லணையைத் தாண்டி வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை கிளையாக விரியும் நிலம். இரண்டும் வேறு வேறு.

கழிமுகம் நல்ல சொல், ஆனால் அது வேறொன்றுக்கு உரியது. கழி என்றால் கடலோரத்து உப்புநீர் ஓடை. கழிமுகம் என்றால் ஆறும் கடலும் கலக்கும் வாய். ஓதம், அதாவது தினமும் ஏறி வற்றும் கடல்நீர், ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும், வற்றும்போது ஆற்றுநீர் வெளியே போகும். லண்டன் வழியாக ஓடும் தேம்ஸ் ஆற்றுக்கு இருப்பது அப்படிப்பட்ட அகன்ற வாய்தான். அதற்கு டெல்டா கிடையாது. கழிமுகத்தை டெல்டாவுக்குக் கொடுத்துவிட்டால் தேம்ஸுக்கு என்ன சொல் மிச்சமிருக்கும்? இலங்கைப் பாடநூல்களில் பொங்குமுகம் என்ற சொல் உண்டு, கடல்நீர் பொங்கி உள்ளே ஏறுவதைச் சரியாகப் பிடித்த சொல் அது. மீனவர்கள் முகத்துவாரம் என்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: புகார். ஆறு கடலில் புகும் இடம். காவிரிப்பூம்பட்டினத்துக்கு அதுவே பெயராகவும் நின்றது. கிரேக்கன் நிலத்தின் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தான், நம் ஆட்கள் ஆறு செய்யும் வேலையைப் பார்த்து வைத்தார்கள்.

அதனால் என் முடிவு இது: ஆற்றின் வாய்க்குக் கழிமுகம், வண்டல் நிலத்துக்கு டெல்டா. டெல்டாவை வேற்றுச்சொல் என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் 'நாங்க டெல்டாக்காரங்க' என்று சொல்லும் விவசாயியின் வாயில் அது தமிழாகிப் பல காலம் ஆயிற்று.

மான்சூனில் சிக்கல் வேறு மாதிரி. மான்சூன் என்றால் என்ன என்று கேட்டால், மழை என்று பதில் வரும். மழை அதன் விளைவு. மான்சூன் என்பது காற்று, அதுவும் ஆண்டுக்கு இருமுறை திசை மாறி வீசும் காற்று. கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. அதன் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழ, கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. குளிர்காலத்தில் நிலம் முதலில் குளிர்ந்துவிடுகிறது, காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்புகிறது.

சொல்லின் வேர் அரபி: மவ்சிம், அதாவது பருவம். அதற்கும் உள்ளே போனால் அடையாளமிடுவது என்ற பொருள் கிடைக்கிறது. ஒட்டகத்தின் உடம்பில் சூடு வைத்துப் போடும் குறிக்கும் அதே வேர்தான். ஆண்டின்மேல் காலம் போட்ட குறி என்று வைத்துக்கொள்ளலாம். அரேபியாவின் பெரும்பகுதிக்கு இந்தக் காற்று மழை தருவதில்லை, அதனால் அந்த மாலுமிகளுக்கு மவ்சிம் என்றால் கப்பல் விடும் காலம். தென்மேற்குக் காற்றில் பாய் விரித்தால் மலபார்க் கரை. அங்கே மிளகு வாங்கிக்கொண்டு, காற்று திரும்பும்வரை காத்திருந்து, வடகிழக்குக் காற்றில் ஊர் திரும்பினார்கள். போர்ச்சுகீசியர் அந்தச் சொல்லை அவர்களிடமிருந்து எடுத்து மொன்சாவ் என்றார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. இந்தியில் மௌசம், மலாய் மொழியில் மூசிம், எல்லாம் இதன் உறவுதான்.

இப்போது தமிழ்ச் சொல்லைப் பாருங்கள்: பருவக்காற்று. அரபிச் சொல்லின் பொருள் அப்படியே இருக்கிறது, காற்று என்பதும் வெளிப்படையாக வந்துவிட்டது. இதைப் படிக்கும் பிள்ளை மான்சூனை மழை என்று தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. பருவமழை என்பது அந்தக் காற்று தரும் மழைக்குத் தனிச்சொல். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. இலங்கையில் இன்னும் ஒரு படி மேலே போய், பருவப்பெயர்ச்சி என்கிறார்கள். பெயர்ச்சி என்ற ஒரு சொல்லில் திசை மாறுவது முழுக்க வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த சொல், இங்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன விஷயம். தென்மேற்குக் காற்று தென்மேற்கு நோக்கிப் போவது அல்ல, அங்கிருந்து வருவது. உலகமெங்கும் காற்றுக்கு அது கிளம்பும் திசையின் பெயர்தான். தமிழிலும் அப்படியே. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. கடலோரத்தில் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் தென்பக்கத்துக் காற்று சோளகம். இந்தப் பெயர்களைத் தெரிந்த பிள்ளைக்குத் திசைக்குழப்பம் வராது.

அட்டோல் நமக்குப் பக்கத்து வீட்டுச் சொல். மாலத்தீவின் திவேகி மொழியிலிருந்து உலக மொழிகளுக்கெல்லாம் போன சொல் அது. நடுவில் ஆழமில்லாத காயல், சுற்றிலும் வளையமாகப் பவளப்பாறை, அதன்மேல் ஆங்காங்கே தென்னை நிற்கும் மணல்திட்டுகள். மாலத்தீவு முழுவதுமே இப்படிப்பட்ட வளையங்கள்தான். 1,190-க்கு மேற்பட்ட தீவுகள், பெரும்பாலானவை கடல்மட்டத்திலிருந்து ஆள் உயரம்கூட எழாதவை.

நடுக்கடலில் இந்த வளையம் எப்படி வந்தது? பவள உயிரிகளுக்கு வெளிச்சம் வேண்டும், ஆழத்தில் வளராது. 1842-இல் சார்லஸ் டார்வின் ஒரு விளக்கம் சொன்னார். முதலில் ஓர் எரிமலைத் தீவு, அதன் கரையோரமாகப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது, பவளம் வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் மலை மூழ்கிப்போய் வளையம் மட்டும் மிஞ்சுகிறது. நூறாண்டுக்குப் பிறகு, 1952-இல் பசிபிக் கடலின் எனிவெடாக் அட்டோலில் துளை போட்டார்கள். 1,200 மீட்டருக்கும் கீழே பவளச் சுண்ணாம்பைத் தாண்டியதும் எரிமலைப் பாறை தட்டியது.

தமிழில் பவளத்தீவு என்று மட்டும் எழுதினால் போதாது. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 பவளத்தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் அட்டோல் அல்ல, அவை கரையை ஒட்டிய திட்டுகள். வட்டப் பவளத்திட்டு என்பது புழக்கத்தில் உள்ள சொல், அதில் வளையம் தெரிகிறது. அதை அடைப்பில் போட்டு அட்டோல் என்றே எழுதலாம். லட்சத்தீவும் அட்டோல்கள்தான், அங்கே மினிக்காயில் பேசப்படும் மகல், திவேகியின் ஒரு கிளை. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் அவன் புகழ் பாடும் பகுதியில், அவன் வென்ற நாடுகளின் வரிசையில் முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் (கடலில் உள்ள பன்னிரண்டாயிரம் பழைய தீவுகள்) வருகிறது. அது மாலத்தீவைக் குறிக்கிறது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. எண்ணி முடியாத தீவுகள் என்பதைத்தான் பன்னீராயிரம் என்றார்கள் போலும்.

புல்வெளிச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்டெப்பி ரஷ்ய மொழி, பிரெய்ரி பிரெஞ்சு, பாம்பாஸ் தென் அமெரிக்காவின் கெச்சுவா, சவானா கரீபியத் தீவுகளின் தாய்னோ மக்கள் சொல், ஸ்பானியர் வழியாக வந்தது. எல்லாவற்றையும் புல்வெளி என்று மொழிபெயர்த்தால் நான்கு கண்டங்களும் ஒன்றாகிவிடும். ஸ்டெப்பிப் புல்வெளி, பாம்பாஸ் புல்வெளி என்று பெயரோடு எழுதுவதே சரி. சஹாராவில் இது தலைகீழ். அரபியில் அந்தச் சொல்லுக்கே பாலைவனம் என்றுதான் பொருள், எனவே சஹாரா என்று மட்டும் எழுதினால் போதும்.

கடைசியாக, நாம் பாடநூலில் கற்காமல் 2004 டிசம்பர் 26 காலையில் கற்ற சொல். அன்றுவரை தமிழ்நாட்டுக் கடற்கரையில் பெரும்பாலோர் சுனாமி என்று கேள்விப்பட்டதே இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேல். சில இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது. அது என்ன அறிகுறி என்று தெரியாமல் வெறும் தரையில் துள்ளிய மீனைப் பொறுக்கப் போனவர்கள் உண்டு. சொல் தெரியாதபோது ஆபத்தும் தெரிவதில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

ஜப்பானிய மொழியில் சு என்றால் துறைமுகம், நாமி என்றால் அலை. துறைமுக அலை. ஆழ்கடலில் பிறக்கும் அலைக்கு ஏன் துறைமுகத்தின் பெயர்? 1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் சன்ரிகு கடற்கரையில் நடந்ததைக் கேட்டால் புரியும். கரையில் திருவிழா மாலை. லேசான நிலநடுக்கம் ஒன்று வந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் கழித்து வந்த அலையில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். அந்த நேரம் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் படகுக்குக் கீழேதான் அந்த அலை கடந்து போயிருந்தது. அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஊர் திரும்பும்போது தண்ணீரில் உடைந்த மரமும் உடல்களும் மிதந்து எதிரே வந்தன.

ஆழ்கடலில் சுனாமி மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும், ஆனால் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. படகு அதில் மெல்ல ஏறி மெல்ல இறங்கிவிடும். கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் வேகம் குறைந்து உயரம் எழும்புகிறது. கடலில் இருப்பவனுக்குத் தெரியாமல் துறைமுகத்தில் மட்டும் தெரிகிற அலை. அந்தப் பெயரை வைத்தவர்கள் அந்த மீனவர்களைப் போன்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழில் இரண்டு சொற்கள் சொல்லப்படுகின்றன. ஆழிப்பேரலை புதுச்சொல். பேரலை என்ற அளவில் சரி. ஆனால் புயலிலும் பேரலை எழும், நிலநடுக்கத்தால் வருவது என்ற குறிப்பு அதில் இல்லை. கடற்கோள் பழஞ்சொல். கோள் என்றால் கொள்ளுதல், கடல் நிலத்தை எடுத்துக்கொள்வது. அது அலையைச் சொல்லவில்லை, அழிவைச் சொல்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை, பயணிகளோடு வந்த பாம்பன் ரயிலையும் சேர்த்து, கடல் கொண்டது. அது கடற்கோள்தான். சுனாமி அல்ல, புயல் தள்ளிக்கொண்டுவந்த கடல்நீர். எது எப்படி வந்தாலும் ஊர் மூழ்கினால் கடற்கோள் என்று எழுதுங்கள். கடலடி நிலநடுக்கத்தாலோ எரிமலையாலோ கடலடி நிலச்சரிவாலோ எழும் அலைக்குச் சுனாமி என்றே எழுதுங்கள். ஓதப் பேரலை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். ஓதம் நிலவும் சூரியனும் இழுப்பதால் ஏறி வற்றுவது, அதற்கும் சுனாமிக்கும் சம்பந்தமில்லை.