சதுப்பு நிலக் கூட்டத்தில் யார் யார் உட்கார வேண்டும்?

“லாங்வுட் சோலைதான் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டதே, இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியல் அது. 2024 ஜனவரியில் அந்த அறிவிப்பு வந்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். தமிழ்நாட்டில் இந்தப் பட்டியல் 2002-இல் கோடியக்கரையோடு தொடங்கியது. பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் சேர 2022 ஆனது. மலைமேல் இருக்கும் 116 ஹெக்டேர் சோலைக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் நீராதாரங்களுக்காக ஊர் ஊராகக் கூட்டம் நடத்துகிறவன் என்ற முறையில், எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதிதான்.

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைச் சோலையின் இலைமட்கும் அடியிலுள்ள சதுப்பு மண்ணும் குடித்துவைத்து, உறைபனிக் காலம் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கீழே 18 கிராமங்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. இந்தச் சரிவுகளில் இறங்கும் ஓடைகள் பவானி வழியாகவோ மாயாறு வழியாகவோ பவானிசாகரைத்தான் சேர வேண்டும், அங்கிருந்து காவிரி. அதன் கடைமடையில் இருக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் மேலிருந்து நல்ல தண்ணீர் வந்தால்தான் உப்பு மட்டுப்படும்.

சோலை காப்புக்காடு, அதற்கு வேலி உண்டு, காவல் உண்டு. ஹட்டிகள் எனும் படுகர் ஊர்களுக்கு நடுவே பள்ளங்களில் கிடக்கும் சின்னச் சின்னச் சதுப்புகளுக்கு அது கிடையாது. பல இடங்களில் அவை பட்டா நிலம். நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், தண்ணீர் வடிந்து, கறுப்பு மண் காய்ந்து சுருங்கிவிடும். அப்புறம் கேரட் போடலாம். இரண்டு மூன்று போகம் நன்றாகவே வரும். கோடையில் கீழ் ஊர் ஊற்று இளைத்த பிறகுதான் கதை புரியும்.

இதைப் பேசக் கூட்டம் போட்டால் வனத்துறை, வருவாய்த்துறை, தோட்டக்கலைத்துறை, ஊராட்சி எல்லாம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் தினமும் வால்வைத் திருகித் தண்ணீர் திறந்துவிடுபவரை யாரும் கூப்பிடுவதில்லை. எந்த மாதம் எந்தக் குழாய் இளைக்கும் என்பது அவருக்குத்தான் மனப்பாடம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பெண்களைக் கூப்பிடுவதில்லை. வரிசையின் கடைசியில் குடம் வைப்பவர்கள் அவர்கள். நீலகிரிப் பழங்குடியான தோடரின் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளரும். சதுப்பு போனால் கூரையும் போகும் என்று சொல்ல, தோடர் குடியிருப்பான மந்திலிருந்து ஒருவராவது அங்கே இருக்க வேண்டாமா?

முக்கியமாக, கேரட் கழுவும் மெஷின் வைத்திருப்பவர். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கேரட்டை ஓடைத் தண்ணீரில் கழுவி அனுப்புகிறார்கள். செம்மண்ணும் அதோடு ஒட்டிய மருந்தும் கலங்கிய நீராகத் திரும்ப ஓடையில் விழுகின்றன. ஒரு ஹட்டியில் மெஷின்காரரைக் குற்றவாளி மாதிரி நிறுத்திப் பேசத் தொடங்கினார்கள். பேச்சு எங்கும் நகரவில்லை. சரி, எழுந்து நடப்போம் என்று எல்லோரையும் ஓடைக்கு அழைத்துப்போனேன். மெஷினுக்கு மேலே தெளிந்த நீர். கீழே முழங்கால் ஆழச் சேறு. அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. “மண் படிய தொட்டி கட்டுகிறேன், இடம் யார் தருவீர்கள்?” என்று அவரே கேட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு மூலையைக் கொடுத்தார். நிரம்பினால் யார் அள்ளுவது என்று ஒரு அக்கா கேட்டதற்கு, மேல்மேட்டில் கேரட் போட்டவர் உடனே சொன்னார்: “அது என் நிலத்து மண்தானே அக்கா, நானே எடுத்துக்கிறேன்.” தீர்மானத்தில் எழுதியது அவ்வளவுதான்: இடம், செலவு, மண் அள்ளும் ஆள்.

விவசாயியிடம் சதுப்பை விடு என்று சொல்பவர்கள், அவருக்கு ஏற்படும் நஷ்டத்தையும் அதே கூட்டத்தில் பேச வேண்டும். பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு கேரட்டுக்கு மாறியவர்கள் நிறைய பேர். ஓடைக்கரையில் சில அடி மட்டும் உழாமல் விடச் சொன்னால் யோசிக்கிறார்கள். முழுப் பள்ளத்தையும் கேட்டால் மறுநாள் வர மாட்டார்கள். வெளியிலிருந்து வந்து பரவிய சீகை (வாட்டில்) மரத்தை அகற்றுவதும் அப்படித்தான். வெட்டுவதற்கு எல்லோரும் தயார். மண்ணில் கிடக்கும் விதை முளைத்துக்கொண்டே இருக்குமே, வருடா வருடம் நாற்றைப் பிடுங்கப்போவது யார் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், முன்பைவிட அடர்த்தியாக வந்து நிற்கும்.

ராம்சார் பட்டியலில் இருந்தால் கெடாது என்பதும் இல்லை. ஒடிசாவின் சிலிகா உப்பங்கழி 1981-இல் பட்டியலில் சேர்ந்தது. 1993-இல் சீர்கெட்டவற்றின் பதிவேட்டுக்குப் போனது. 2000-இல் கடலுக்குப் புது முகத்துவாரம் வெட்டினார்கள், மேலே நீர்ப்பிடிப்புப் பகுதி ஊர்களோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். 2002-இல் அந்தப் பதிவேட்டிலிருந்து மீண்டது.

ஊராட்சியில் இருப்பவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஊற்று வாயில் ஒரு குடத்தை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்து, மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். எப்போதும் அதே குடமாக இருக்கட்டும். தண்ணீர் திறப்பவரிடமே நோட்டைக் கொடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடும்போது, அதை அவரே எழுந்து படிக்கட்டும்.