சிவப்புக் கோடு மறைய ஒரு கேள்விக்குறி

டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் சோதனை சேர்க்கும் மொழி) நிரலை ரிவ்யூ செய்கிற எவருக்கும் இது பார்த்துச் சலித்த காட்சி. 'பயனர்' இன்டர்ஃபேஸில் (என்னென்ன ப்ராப்பர்ட்டிகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் வரையறையில்) ஐடி கட்டாயம். புதுப் பயனரைச் சேர்க்கும் படிவத்திலோ ஐடி இன்னும் பிறக்கவில்லை, டேட்டாபேஸ்தான் தரும். நிரலைச் சோதித்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர் சிவப்புக் கோடு போடுகிறது. உடனே இன்டர்ஃபேஸைத் திறந்து ஐடிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, அதாவது 'இல்லாமலும் இருக்கலாம்' (ஆப்ஷனல்). கோடு மறைந்தது, கமிட்டும் ஆயிற்று. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

"கொடுப்பவருக்கு ஒரு சலுகை, அவ்வளவுதானே?" என்று கேட்கிறார்கள். அவ்வளவு இல்லை. கொடுக்கிற ஒருவருக்குச் சலுகை, வாங்கிப் படிக்கிற அத்தனை பேருக்கும் சுமை. அந்த இன்டர்ஃபேஸைத் தொடும் எல்லா இடத்திலும் ஐடி இனி 'ஸ்ட்ரிங் அல்லது அன்டிஃபைன்ட்' (எழுத்துத் தொடர் அல்லது மதிப்பே இல்லாதது). டேட்டாபேஸிலிருந்து ஐடியோடு வந்து நிற்கிற பயனர் மீதும் அதே சந்தேகம். பிறகு கோப்புக்குக் கோப்பு, 'இது நிச்சயம் இருக்கிறது' என்று சொல்லும் ஆச்சரியக்குறி போட்டுக் கம்பைலரின் வாயை அடைக்கிறார்கள். ஆச்சரியக்குறி எதையும் சோதிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது அது இருந்த தடமே இருக்காது.

கம்பைலர் முனகாத இடமும் உண்டு. பேக்டிக் போட்ட டெம்ப்ளேட் ஸ்ட்ரிங்குக்குள் ஐடியை வைத்து முகவரி கட்டிப் பாருங்கள். எந்த எச்சரிக்கையும் வராது. 'அன்டிஃபைன்ட்' என்ற சொல்லையே வாலில் கட்டிக்கொண்டு ரெக்வெஸ்ட் சர்வருக்குப் போகும். (அன்டிஃபைன்டைப் பிடிக்கும் அமைப்பான ஸ்ட்ரிக்ட்நல்செக்ஸை அணைத்து வைத்திருந்தால் மற்ற எச்சரிக்கைகளும் கிடையாது. 2016இல் 2.0 பதிப்பிலேயே வந்த வசதி அது.)

மூல இன்டர்ஃபேஸைத் தொடாதீர்கள். ஐடியைச் சர்வர்தான் உருவாக்கும் என்றால் படிவத்துக்கு ஆமிட்<பயனர், "ஐடி"> போதும். அங்கே ஐடி ஆப்ஷனல் அல்ல, இல்லவே இல்லை. சில நேரம் வரும், சில நேரம் வராது என்றால் மட்டும் இப்படி:

ஆமிட்<பயனர், "ஐடி"> & பார்ஷியல்<பிக்<பயனர், "ஐடி">>

முன்பாதி ஐடியைக் கழற்றுகிறது, பின்பாதியில் பிக் அதை மட்டும் எடுக்க, பார்ஷியல் அதைக் கேள்விக்குறியோடு திரும்ப மாட்டுகிறது. இன்டர்ஃபேஸாகவே வேண்டுமென்றால் ஆமிட்<பயனர், "ஐடி"> என்பதை எக்ஸ்டெண்ட் செய்து (அதன் மேல் கட்டி), உள்ளே ஐடியை ஆப்ஷனலாக எழுதுங்கள். நேராகப் பயனரையே எக்ஸ்டெண்ட் செய்து தளர்த்த முயன்றால் 2430 பிழைதான் வரும். ஆப்ஷனலைக் கட்டாயமாக இறுக்கலாம், கட்டாயத்தைத் தளர்த்த முடியாது.

ஆமிட்டில் ஒரு கண் வையுங்கள். 3.5இல் வந்த அது எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஏற்கும். கடவுச்சொல் ப்ராப்பர்ட்டியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், நீக்கியதாக நினைத்தது டைப்பில் அப்படியே இருக்கும். பிக் இப்படி விடாது. பல இடத்துக்கும் ஜெனரிக்காக (எந்த டைப்புக்கும் பொருந்தும்படி) எழுதினால் கீயின் (ப்ராப்பர்ட்டிப் பெயரின்) மீது, டைப்பில் உள்ள பெயரை மட்டும் ஏற்கும் 'எக்ஸ்டெண்ட்ஸ் கீஆஃப்' கட்டாயம். யூனியன் டைப் ('இது அல்லது அது') மீது ஆமிட்டை நேராகப் போடவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் பொதுவான ப்ராப்பர்ட்டிகள் மட்டுமே மிஞ்சும்.

முழுசாக பார்ஷியல்<பயனர்> போடுவது அடுத்த சோம்பல். வெறும் {} கூடத் தடையில்லாமல் நுழையும்.

இன்னொன்று: கீ இல்லாததும், கீ இருந்து மதிப்பு அன்டிஃபைன்டாக இருப்பதும் ஒன்றல்ல. இயல்பு டைம்அவுட் 5000 என்று வைத்து, அதன் மேல் அழைப்பவர் தந்த ஆப்ஷன்ஸை மூன்று புள்ளி ஸ்ப்ரெட்டால் விரிக்கிறீர்கள். கீ இல்லையென்றால் 5000 நிற்கும். யாராவது டைம்அவுட்டுக்கு அன்டிஃபைன்ட் கொடுத்தால் 5000 அழிந்துவிடும், டைப்போ இன்னும் 'நம்பர்' என்றே சாதிக்கும். இதை அடைக்கத்தான் 2021இல் 4.4 பதிப்பில் எக்ஸாக்ட்ஆப்ஷனல்ப்ராப்பர்ட்டிடைப்ஸ் என்ற அமைப்பு வந்தது. கடுமையான சோதனைகளை மொத்தமாக இயக்கும் 'ஸ்ட்ரிக்ட்' போட்டாலும் இது தானாக இயங்காது, டிஎஸ்கான்ஃபிக் அமைப்புக் கோப்பில் தனியாக எழுத வேண்டும். பழைய ப்ராஜெக்டில் உடனே இயக்க முடியாதென்றால், இயல்பு மதிப்புகளைச் சேர்க்கும் இடத்திலாவது ஸ்ப்ரெட்டை விட்டு, ஒவ்வொன்றையும் ?? ('மதிப்பு இல்லையென்றால் இதை எடு') போட்டு நிரப்புங்கள்.

பேக்கேஜாக வெளியிடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபங்ஷன் வாங்கும் டைப்பில் கட்டாயத்தைத் தளர்த்தினால் அழைப்பவருக்குப் பாதிப்பில்லை. திருப்பித் தரும் டைப்பில் தளர்த்தினால் அடுத்தவர் பில்ட் உடையும். இரண்டுக்கும் ஒரே இன்டர்ஃபேஸை வைத்திருந்தால் முதலில் அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். திருப்பித் தருவதைத் தளர்த்தியே ஆக வேண்டுமென்றால் மேஜர் வெர்ஷனாக (பழைய நிரலை உடைக்கக்கூடிய பதிப்பாக) வெளியிடுங்கள்.