தைராய்டு மிகும்போது இன்சுலினுக்கு அடங்காத கல்லீரல்

சர்க்கரை நோய் கட்டுக்குள் இருந்த ஒருவருக்குத் திடீரென்று ரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. சாப்பாடும் மாறவில்லை, மாத்திரையும் தவறவில்லை. எடை மட்டும் குறைந்துகொண்டே போகிறது, நெஞ்சு படபடக்கிறது. இந்த நிலையில் சர்க்கரை மருந்தைக் கூட்டுவதோடு நிறுத்தாமல் தைராய்டையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தைராய்டு அதிகமாகச் சுரக்கப் பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய்தான் காரணம். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்த நோய் இது. உடலே உருவாக்கும் ஆன்டிபாடிகள் தைராய்டை ஓயாமல் தூண்டுகின்றன. அது சுரக்கும் டி3, டி4 ஹார்மோன்கள் ரத்தத்தில் பெருகுகின்றன.

இதனால் சர்க்கரை ஏறுவதில் முக்கியப் பங்கு கல்லீரலுக்கு. சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் வந்து, கல்லீரல் குளுக்கோஸ் வெளிவிடுவதைக் குறைக்க வேண்டும். டி3 மிகுந்தால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. குளுக்கோஸின் சேமிப்பு வடிவமான கிளைகோஜனைக் கல்லீரல் உடைக்கிறது, புதிதாகவும் குளுக்கோஸ் செய்கிறது. கொழுப்புத் திசு வேகமாகக் கரைந்து, அதற்கு மூலப்பொருளான கிளிசராலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கூடவே வரும் கொழுப்பு அமிலங்கள் இன்சுலினின் பிடியை இன்னும் தளர்த்துகின்றன. இதில் மூளைக்கும் பங்கு உண்டு. எலிகளின் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதியில் டி3 செலுத்தியபோது, உடலைப் பரபரப்பாக்கும் பரிவு நரம்புகள் வழியாகவே கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தி கூடியது.

அப்படியென்றால் தசையும் இன்சுலினுக்கு அடங்காதா? இங்கே கதை வேறு. குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளூட்4 என்ற புரதத்தை டி3 கூட்டுவதால், தசை குளுக்கோஸை நன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதைக் கிளைகோஜனாகச் சேமிப்பது குறைந்து, பெரும்பகுதி லாக்டேட் என்ற சிதைபொருளாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. கல்லீரல் அந்த லாக்டேட்டை வாங்கி மறுபடி குளுக்கோஸாக்கி வெளிவிடுகிறது. கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற விஞ்ஞானித் தம்பதி கண்டறிந்த இந்தச் சுழற்சியில், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குத் தசைக்குக் கிடைப்பது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுகள் 2, கல்லீரல் செலவழிப்பது 6. கிணற்றில் இறைத்த தண்ணீரைத் திரும்ப அதே கிணற்றில் ஊற்றுவது போலத்தான். சாப்பிட்டும் உடல் இளைப்பதற்கு இந்த வீண்செலவும் ஒரு காரணம்.

போதாக்குறைக்கு இன்சுலினே ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட வேகமாக அகற்றப்படுகிறது. கணையம் நன்றாக இருந்தால் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை.

சரி, தைராய்டுக்குச் சிகிச்சை தொடங்கியாகிவிட்டது. தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை வேலை செய்து ஹார்மோன் இறங்கும்போது, இன்சுலின் தேவையும் சேர்ந்தே இறங்கும். பழைய டோஸையே போட்டுக்கொண்டிருந்தால் லோ சுகர் வரலாம். படபடப்புக்காகச் சேர்த்துத் தரப்படும் புரப்ரனலால் மாத்திரை, லோ சுகரின் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை அது மறைப்பதில்லை. அந்த வாரங்களில் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால், உடனே குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்க வேண்டும்.